கீழ்வரிசையில் மூன்று

பாராதீப்
9 பிப்ரவரி 2025

ரமாவுக்கு,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடுவாய் என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன். போனில் என் எண்ணை நீ தடுத்துவைத்து ஏழு வருடம் ஆகப்போகிறது. மாப்பிள்ளை ரவிக்குமாருக்குப் போன் போட்டால் எடுப்பார், தெரியும். ஆனால் அண்ணன் தங்கை சண்டைக்கு நடுவில் அவரைக் கொண்டுவந்து நிறுத்துவது நியாயமில்லை.

அம்மாவின் சாவுக்கு வியாசர்பாடி வந்தபோது பேசிவிடலாம் என்று நினைத்தேன். நீ தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாய், நான் கால்மாட்டில் நின்றேன். எடுத்துக்கொண்டு போகும்வரை நீ என் பக்கம் திரும்பவில்லை. உன் பிள்ளை மித்ராவை நீ கூட்டிவரவும் இல்லை.

இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இங்கே குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு ஒடியாக்காரர் மகளுக்கு ஆறரை வயது. போன மாதம் அவளுடைய கீழ் முன்பல் இரண்டும் விழுந்தன. அந்த இடத்திலேயே புதுப்பல் இரண்டு முளைத்து நிற்கின்றன. போன வாரம் வந்து வாயைத் திறந்து எங்களுக்குக் காட்டினாள். அண்ணி ராமசெல்வி அவளுக்கு மிட்டாய் கொடுத்து அனுப்பினாள். நான் மித்ராவின் வயதை விரல்விட்டு எண்ணினேன்.

மித்ராவுக்கு வருகிற மார்ச்சில் ஏழு முடிகிறது. இங்கே ஒரு பல் டாக்டரிடம் விசாரித்தேன். பிறக்கும்போதே பல்லோடு வருகிற குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கீழே நடுவில்தான் இருக்குமாம். அது அதிகப்படியான பல் இல்லையாம். ஆறேழு மாதம் கழித்து வரவேண்டிய பால்பல்லே அவசரப்பட்டு முன்னால் வந்துவிடுகிறது. ஆகவே அன்று பிடுங்கப்பட்ட பற்களுக்கு அடியில், நிரந்தரப் பல்லின் முளை இருந்திருக்க வேண்டும். அந்த முளைக்கு ஏதும் ஆகியிருக்குமா என்று கேட்டேன். பார்க்காமல் சொல்ல முடியாது என்றுவிட்டார்.

அவளுக்குக் கீழ் முன்பல் முளைத்துவிட்டதா, ரமா? ஒரு வரி எழுதினால் போதும்.

ஜெயவேல்


எண்ணூர்
2 மார்ச் 2025

ஜெயவேல் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. நான் வேலை பார்க்கிற கண்டெய்னர் யார்டு அலுவலகத்துக்கு எடுத்துப்போய், லாரிக்காரர்களுக்கு கேட் பாஸ் போடுவதற்கு நடுவில் நாலைந்து தடவை படித்தேன்.

"அன்று பிடுங்கப்பட்ட பற்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பல் தானாகப் பிடுங்கப்படாது. அம்மா பிடுங்கினாள். நீங்கள் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டீர்கள். காதுகுத்துக்குத் தாய்மாமன் மடியில் உட்காரவைப்பது ஊரில் வழக்கம். நம் அப்பா அதைக்கூட வேண்டாம் என்றவர். ஜாதகம் எழுதாத வீடு, நல்ல நேரம் பார்க்காத வீடு என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லித்தான் என்னையும் உங்களையும் வளர்த்தார். அந்த வீட்டில்தான் இது நடந்தது.

என் பிள்ளை பிறந்தபோது கீழ் ஈறில் அரிசிமணி மாதிரி இரண்டு இருந்தன. டாக்டரம்மா விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, ஆடவில்லை, இருக்கட்டும் என்றார். பால் கொடுக்கும்போது கடிக்கும். வலிக்கும். யாரிடமும் சொல்லாமல் பொறுத்துக்கொண்டேன். அந்தக் கடி எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது.

அவள் பிறந்த அதே ராத்திரிதான் மணலியில் உங்கள் கம்பெனியில் நீராவிக் குழாய் வெடித்தது. உங்களோடு வேலை பார்த்த ஆன்றோ அண்ணன் போய்விட்டார். நீங்கள் கையும் கழுத்தும் வெந்துபோய் வந்து அம்மா வீட்டில் ஒரு கட்டிலில் படுத்தீர்கள். இன்னொரு கட்டிலில் நானும் குழந்தையும். உங்களைப் பார்க்க வந்தவர்கள் அவளையும் எட்டிப்பார்த்தார்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். "பல்லோட பொறந்த புள்ள மாமனுக்கு ஆவாது பூவம்மா" என்று ஒருத்தி சொன்னபோது, அம்மா அவளை வாசலோடு விரட்டினாள். "புத்தர் படம் மாட்ன வூட்ல வந்து இன்னா பேசிகினு கீற நீ?" என்று கேட்டாள். எனக்கு அன்றைக்கு அம்மாவை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் நான் தலைக்குக் குளித்துவிட்டு அசந்து தூங்கினேன். குழந்தை அலறுகிற சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். அம்மா கையில் வெள்ளைத் துணி. கட்டுப் போட்ட உன் கை என் பிள்ளையின் நெற்றியை அழுத்திக்கொண்டு இருந்தது. நீ என்னைப் பார்த்து என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா?

"ஒண்ணுமில்ல ரமா. முட்ஞ்சிச்சி."

எது முடிந்தது? ரத்தம் நிற்கவே இல்லை. ஆட்டோவில் என் புடவை முழுக்க நனைந்தது. ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவருடைய ரத்தத்தை ஏற்றித்தான் அவளைக் காப்பாற்றினார்கள். அந்த நாட்களில் அம்மா வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். நீ வரவில்லை. உடம்பு முடியவில்லை என்றாய்.

கேட்டதற்குப் பதில்: முளைக்கவில்லை. மற்ற பால்பற்கள் எல்லாம் ஒழுங்காக வந்தன. நடுவில் அந்த இரண்டு இடம் மட்டும் அன்றிலிருந்து காலி. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் புதுப்பல் காட்டுகிறார்கள். இவள் சிரிக்கும்போது கீழ் உதட்டை மேலே இழுத்து மூடிக்கொள்கிறாள். கொய்யாப்பழத்தை வாயோரமாக வைத்துத்தான் கடிக்கிறாள்.

மேற்கொண்டு எழுத வேண்டாம்.

ரமாபாய்


பாராதீப்
16 மார்ச் 2025

ரமா,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு.

நீ எழுதியதில் தப்பு எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு நான் வராததற்கு உடம்பு காரணம் இல்லை. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல்தான் வரவில்லை.

அம்மா என்னிடம் வந்து கேட்டபோது, "போம்மா, அதெல்லாம் சும்மா" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. வெடித்த அன்று ஆன்றோ நின்ற இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று அவனை அங்கே நிறுத்திவிட்டுப் போனேன். திரும்பிக் கிட்டே வரும்போது வெடித்தது. கண்ணை மூடினால் அந்தச் சத்தம்தான். எனக்கு அதில் எல்லாம் நம்பிக்கை இல்லை ரமா, அன்றும் இல்லை. ஆனால் பயந்தேன். நம்பாமலே பயப்பட முடியும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. அம்மா நம்பினாளா என்று கேட்டால், அவளும் நம்பவில்லை என்றுதான் சொல்வேன். பெற்ற மகனைச் சாவு தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. அவளுக்குக் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும். கைக்கு எட்டியது அந்த இரண்டு பல்.

இதை நியாயமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஏழு வயதிலும் வரவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்கிறார் இங்குள்ள டாக்டர். ஈறுக்குள் பல் இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடுமாம். தயவுசெய்து கூட்டிப்போ. நான் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்கட்டுமா? உள்ளே வரமாட்டேன்.

ஜெயவேல்


எண்ணூர்
20 ஏப்ரல் 2025

ஜெயவேல் அவர்களுக்கு,

நீங்கள் வந்து நிற்க வேண்டியதில்லை என்பதைச் சொல்லத்தான் முதலில் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். பாதியில் வைத்துவிட்டேன். இப்போது வேறு விஷயம்.

முழுப் பரீட்சை முடிந்ததும் அவரும் நானும் மித்ராவைப் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பார்த்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. மித்ரா வாயைத் திறக்கவே மாட்டேன் என்றாள். அந்தப் பெண் வற்புறுத்தவில்லை. மேஜை மேல் இருந்த பிளாஸ்டர் தாடையை எடுத்து அவள் கையில் கொடுத்து, கீழ்வரிசையின் நடுப்பல்லைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். பெரியவர்கள் வாயில் இருக்கிற பற்களிலேயே சின்னது இதுதான் என்றாள். உளி மாதிரி நேராக நிற்கும். இரண்டு பக்கமும் ஒரே அச்சு, அதனால் தனியாகக் கழற்றி வைத்தால் இது இடதா வலதா என்று டாக்டர்களே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டுமாம். மித்ராவுக்கு அது பிடித்துவிட்டது. டாக்டருக்கே தெரியாதா என்று கேட்டுச் சிரித்தாள். சிரித்தபோது வாய் திறந்தது. அந்தப் பெண்ணும் அவசரப்படாமல் பார்த்துக்கொண்டாள்.

பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஈறுக்குள் ஒரு நடுப்பல் முழுசாக, நேராக நிற்கிறது. சீக்கிரம் வெளியே வந்துவிடும் என்கிறார்கள். அதன் பக்கத்தில் இன்னொன்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. கறுப்பாக இருக்கிறது. இரண்டு ஓரங்களிலும் அடுத்த பற்களுக்கான முளை சரியாக இருக்கிறது. ஆக, நான்கு வரவேண்டிய இடத்தில் மூன்றுதான் வரும்.

மித்ராவை அவரோடு வெளியே அனுப்பினேன். அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறந்தது, பிடுங்கியது, ரத்தம் ஏற்றியது, எல்லாம். அப்போது பிடுங்கியதில்தான் முளை போய்விட்டதா என்று கேட்டேன். போயிருக்கலாம், ஆனால் அடிபட்ட முளை வழக்கமாக ஏதாவது அடையாளம் வைத்துவிட்டுப் போகும், இங்கே ஒன்றும் தெரியவில்லை என்றாள். அதன் பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள். உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது கீழே நான்கு வெட்டுப்பல்லுக்குப் பதில் மூன்று இருக்கிறதா? சில குடும்பங்களில் அது பிறவியிலேயே வருமாம். யாரும் கவனிப்பதில்லை. கீழ்ப்பல் அவ்வளவாக வெளியே தெரியாது இல்லையா.

வீட்டுக்கு வந்து நான் கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு நான்கு. அவருக்கும் நான்கு. அவருடைய அம்மாவுக்கும் தம்பிக்கும் பார்த்தாயிற்று, நான்குதான்.

நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு கோரைப்பற்களுக்கு நடுவில் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். இது சமாதானக் கடிதம் இல்லை. டாக்டர் கேட்ட கேள்வி.

ரமாபாய்


பாராதீப்
4 மே 2025

ரமா,

மூன்று.

கடிதத்தைப் படித்ததும் முகம் கழுவுகிற இடத்துக்குப் போனேன். நாற்பத்தொரு வருடமாக இந்த வாயைத்தான் தேய்க்கிறேன், ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. நம்பிக்கை வராமல் ராமசெல்வியைக் கூப்பிட்டேன். அவள் விரலை வைத்து எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு. அப்பாலே கோரைப்பல்லு வந்துட்சி" என்றாள். மறுபடியும் எண்ணச் சொன்னேன். மேலே இரண்டு முன்பல் சேருகிற கோடு, எல்லோருக்கும் கீழேயும் இரண்டு பல் சேருகிற கோட்டுக்கு நேராக நிற்கும். எனக்கு அது ஒரு பல்லின் நட்டநடுவில் வந்து நிற்கிறது.

சின்ன வயதில் விழுந்து உடைத்திருப்பேனோ என்று சந்தேகம். மறுநாள் டாக்டரிடம் போய் எக்ஸ்ரே எடுத்தேன். உடைந்ததும் இல்லை, பிடுங்கியதும் இல்லை, பிறவியிலேயே மூன்றுதான் என்றார். தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் ஒரே மாதிரி இருந்தால் அது குடும்பத்தில் வருவதாகத்தான் இருக்கும் என்றார். நூற்றுக்கு நூறு உறுதியா என்று கேட்டேன். அப்படி யாரும் சொல்ல முடியாது என்றார்.

திரும்பி வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னிடம் மறைக்கவில்லை. முளையை நாங்கள் கெடுக்கவில்லை, கெடுக்கவில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். துறைமுகத்து கேட் வரைக்கும் வந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பிள்ளை எனக்கு ஆகாது என்று பயந்து மடியில் போட்டு அழுத்தினேனே, அவள் வாய் என்னுடைய வாய். அங்கேயே ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். செக்யூரிட்டி வந்து தண்ணீர் கொடுத்தான்.

அம்மாவுக்கும் மூன்றாக இருந்திருக்குமோ? எனக்கு அவளிடமிருந்து வந்திருக்கலாம், உன் வழியாக மித்ராவுக்குப் போயிருக்கலாம். அவள் வாயை நாம் யார் பார்த்தோம்? எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வெற்றிலைக் கறைதான். கடைசியில் கீழே ஒன்றுமே இல்லை. இனி தெரிந்துகொள்ள வழியில்லை.

ஒன்று உனக்குத் தெரியாது. அம்மா என்னோடு போனில் பேசும்போதெல்லாம் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்பாள். "பாப்பாக்கு பல்லு மொளச்சிச்சா ஜெயா?" உன்னிடம் கேட்க அவளுக்குத் தைரியம் கிடையாது. எனக்கு உன்னிடம் பேச வழி கிடையாது. தெரியாதும்மா, இன்னும் வயசு ஆகலம்மா என்று ஏதாவது சொல்வேன். சிறுநீரகம் போய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் வந்து இரண்டு நாள் இருந்தேனே, நீ வீட்டுக்குப் போயிருந்த மதியம் மறுபடியும் கேட்டாள். அன்றைக்கு எனக்குத் தாங்கவில்லை. "ரெண்டும் வந்துட்சிம்மா. சூப்பரா கீது" என்றேன்.

முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. உடனே, "போட்டோ கீதா?" என்றாள்.

என்னிடம் எது போட்டோ. போனில் சார்ஜ் இல்லைம்மா, அப்புறம் காட்டுகிறேன் என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள். நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை.

ஜெயவேல்


எண்ணூர்
29 ஜூன் 2025

அண்ணாவுக்கு,

பதில் எழுத இத்தனை நாளானதற்குக் கோபம் காரணம் இல்லை. அம்மாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்தபிறகு என்னால் பேனாவைத் தொட முடியவில்லை.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். இது அவருக்குக்கூடத் தெரியாது. மித்ராவுக்கு மூன்று வயது இருக்கும்போது அம்மா ஒரு நாள் தனியாக பஸ் பிடித்து எண்ணூர் வந்தாள். கையில் ஒரு டப்பாவில் பால்கோவா. கடிக்க வேண்டாம், கரையும் என்று யோசித்து வாங்கியிருக்கிறாள். நான் உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன். மித்ராதான் புது ஆள் வந்த குஷியில் அவள் பக்கத்தில் போய் நின்றாள். அம்மா அவளைத் தொடவில்லை. என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே, "வாய்த் தொறடி கண்ணு, ஆயா பாக்கறேன்" என்றாள்.

மித்ரா திறக்கப் போனாள். நான் பின்னாலிருந்து என் கையால் அவள் வாயை மூடினேன்.

அம்மா முந்தானையை இழுத்துச் சொருகினாள். டப்பாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். பஸ் நிறுத்தம் வரைக்கும்கூட நான் போகவில்லை. அன்றைக்கு எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

ஒரு பல் இல்லாமல் போனதற்கு அம்மா காரணமாக இருந்திருக்க மாட்டாள் என்று இன்றைக்குத் தெரிகிறது. அவள்தான் காரணம் என்று நான் அவளை நம்பவைத்தேன். என் பிள்ளை வாயைக் கெடுத்துவிட்டாய் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். அவள் அதைச் சுமந்துகொண்டே போய்விட்டாள். இந்த எக்ஸ்ரேயை அவள் உயிரோடு இருக்கும்போதே எடுத்திருக்கலாம். பல் டாக்டர் எல்லா ஊரிலும்தான் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்துகொள்ள விருப்பமில்லை. தெரிந்தால் கோபத்துக்கு இடம் இல்லாமல் போய்விடுமோ என்று இருந்தேன் போல.

ஆனால் அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. பல் குறைந்தது குடும்பத்தில் வந்தது, ரத்தம் கொட்டியது குடும்பத்தில் வரவில்லை. அவள் ஆட்டோவில் என் மடியில் வெளுத்துக்கொண்டே போனது எந்த எக்ஸ்ரேயிலும் மாறாது. அதை நான் மறக்கப்போவதில்லை. மறந்துவிட்டேன் என்று உன்னிடம் நடிக்கவும் மாட்டேன்.

பள்ளிக்கூடம் திறந்த வாரம் அந்தப் பல் ஈறை விட்டு வெளியே வந்தது. ஏறக்குறைய நடுவில் நிற்கிறது. நுனி நேராக இல்லை, மூன்று குட்டி மேடு மாதிரி இருக்கிறது. புதுசாக வருகிற வெட்டுப்பல் எல்லாம் அப்படித்தான், மேல்பல்லோடு உரசிக் கடிக்கக் கடிக்கத் தேய்ந்து நேராகிவிடும் என்றாள் டாக்டரம்மா. மித்ராவுக்கு அது தேயவே கூடாதாம். நாளெல்லாம் நாக்கால் தடவிக்கொண்டு இருக்கிறாள்.

பக்கத்தில் இன்னொன்று எப்போது வரும் என்று கேட்டாள். வராது என்றேன். ஏன் என்றாள். மாமாவுக்கும் அப்படித்தான் என்று வாயில் வந்துவிட்டது. எந்த மாமா என்றாள். இதுவரை அவளிடம் உன்னைப் பற்றி நான் சொன்னதே இல்லை. அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. பல்லோடு பிறந்தது, உனக்கு அடிபட்டது, ஆயா அதைப் பிடுங்கியது, நீ பிடித்துக்கொண்டது, எல்லாவற்றையும் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "ஆயா என்னப் பாத்து ஏம்மா பயந்துச்சி? நான் குட்டிப் பாப்பாதான?" என்று கேட்டாள்.

இரண்டு வாரமாகிறது. சாப்பிடும்போது கேட்கிறாள், தலை பின்னும்போது கேட்கிறாள். அப்பாவிடமும் கேட்டுவிட்டாள். பயந்த இரண்டு பேரில் மிச்சம் இருப்பது நீதான். அவள் முன்னால் உட்கார்ந்து நீயே சொல். பொய் சொல்லாதே, இவள் போட்டோ எல்லாம் கேட்க மாட்டாள், முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு யார்டு இல்லை. அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா.

ரமா